கிரகணத்துக்கு மறுநாள் அப்பாவுக்கு அவசர வேலை

பேரன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் மன்னிப்பு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கோபித்துக்கொள்வீர்கள். ஆனால் அத்தை, போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" சொல்வேன். கடைசியில் "சரி, வெச்சிடட்டுமா?" என்று கேட்பீர்கள், அதற்கும் "ம்" சொல்வேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. சொல்ல வந்தது தொண்டையைத் தாண்டவே இல்லை. எழுத்தில் என்னை யாரும் குறுக்கிட முடியாது என்பதால் எழுத்தில் நான் வேறு ஆள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கு யாவரும் நலம் என்று எழுத வேண்டும். அம்மா நலம். கடையில் இரண்டு தையல் மெஷின்களும் நலம். அப்பாவுக்கும் உடம்பில் ஒன்றுமில்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்கள் உங்களைக் கண்டால் இன்னும் எழுந்து நிற்கிறார்கள் என்றும் நம்புகிறேன். உங்கள் வீட்டு மாமாவுக்கு என் வணக்கம்.

எல்லாம் அப்பா சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. "எம்பொண்ணு ஜோசியத்துல டாக்டராகப் போறா." இதை உங்களிடமும் சொல்லியிருப்பார், ஏனென்றால் சொல்லாத ஆளே கிடையாது. நான் அவருக்கு முதல் வருடமே விளக்கியிருந்தேன். அவர் ஒரு காரின் முன்சீட்டுக்கு ரெக்சின் இழுத்துக்கொண்டிருந்தார், வாயில் வரிசையாகச் சின்ன ஆணிகள். இரண்டாயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்னால் அசீரிய அரசனின் அரண்மனையில் சில அறிஞர்கள் இருந்தார்கள், அவர்கள் இரவெல்லாம் வானத்தைப் பார்த்து, கண்டதைக் களிமண் பலகையில் எழுதி அரசனுக்கு அனுப்பினார்கள், அந்தக் கடிதங்களில் ஏராளம் இன்றும் கிடைக்கின்றன, அவற்றை எப்படி எழுதினார்கள், அரசன் அவற்றை ஏன் நம்பினான் என்பதுதான் என் ஆய்வு என்று சொன்னேன். நான் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு அது. அப்பா ஆணிகளோடு தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கடைசி ஆணியையும் அடித்த பிறகு, "அப்போ ஜோசியம்தானேம்மா?" என்றார். அங்கேயே "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "ம்" சொன்னேன்.

நம் கடை உங்களுக்குத் தெரியும். உட்காரத் தனியாக நாற்காலி கிடையாது. உறை மாற்ற வந்து கழற்றி வைத்த கார் சீட்டுகள்தான் வருகிறவர்களுக்கும் சீட்டு. வீட்டில் மேசை இல்லாததால் அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வேன். ஒரு மாலை மருந்துக்கடைக்காரர் தன் ஸ்டூலுக்குப் புது மெத்தை வைக்க வந்தார். அவரோடு ரேடியோ மாமாவும் வந்தார். ரேடியோ மாமா என்பவர் அப்பாவின் சிநேகிதர், வேன் ஓட்டுகிறவர். வேனில் ரேடியோ பழுதான நாள் முதல் அந்தக் குறையை அவரே தீர்த்துவருவதால் தெருவில் அந்தப் பெயர். அவர் என் திரையை எட்டிப் பார்த்து, "என்னம்மா விடாம அடிச்சிக்கிட்டே இருக்க? ஏதாவது ஒண்ணு படிச்சுக் காட்டேன், கேப்போம்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வராது. முன்னால் இருந்த வரியைப் படித்தேன். சந்திரனைச் சுற்றி வட்டம் கட்டி, அதற்குள் வியாழன் நின்றால், அரசன் அடைபடுவான்.

"யாரு அடைபடுவான்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"அரசன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்களத்தாண்ணே சொல்லுது" என்றார் ரேடியோ மாமா. "இந்தத் தெருவுல ஷட்டர் போட்டு கடை வெச்சிருக்கிற ஒரே ராஜா நீங்கதானே!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரமே மருந்துக்கடை ஷட்டர் பாதி வழியில் பிடி நழுவி இறங்கி, உள்பக்கமாகச் சிக்கிக்கொண்டது. அவர் உள்ளே. வெல்டர் வந்து அறுத்து எடுக்கும்வரை மனிதர் தரையில் படுத்துக்கொண்டு, ஷட்டருக்கும் வாசற்படிக்கும் நடுவே இருந்த சந்தில் மருந்துச் சீட்டுகளை உள்ளே வாங்கி மாத்திரைகளை வெளியே தள்ளி வியாபாரம் செய்தார். வியாபாரத்தை விடவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை, முகம் கழுவவில்லை, நேராக என் முன்னால் வந்து கையைக் கூப்பி, "தாயே, எப்ப வெளிய வருவேன்னும் அதுல போட்டிருந்துச்சா?" என்றார். ஷட்டருக்கு எண்ணெய் போட்டே பல வருடம் ஆயிற்று என்று வெல்டர் பக்கத்திலேயே நின்று சொன்னார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

அதற்குப் பிறகு கடையில் உட்கார சீட்டு இல்லை. கடையில் இருப்பதே சீட்டுதான், அப்படியும் இல்லை. ஒரு பழைய காரின் பின்சீட்டில் மூன்று பேர் எப்போதும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "வரிசை கலையக் கூடாது" என்று ரேடியோ மாமா அவர்களுக்குச் சீட் பெல்ட் வேறு மாட்டிவிட்டார். ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற ஒரு பெண், மேல்வீட்டுக் குடித்தனக்காரர், முகத்தை மறைத்துக்கொண்டு வந்த ஒரு அறிவியல் ஆசிரியை. எனக்குத் தெரிந்ததை மட்டுமே சொன்னேன் அத்தை, சத்தியமாக. "இதற்கு அன்றைய அறிஞர்கள் இரண்டு விதமாகப் பொருள் சொன்னார்கள், எது சரி என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு" என்பேன். மேல்வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். "ரெண்டு விதமாவும் நடக்கலாம்னு ஒத்துக்கிற ஜோசியரை இப்பத்தான் முதல் தடவையா பாக்குறேன். எவ்ளோ நேர்மை!" என்று போய், தன் மைத்துனரையும் கூட்டிவந்தார். நீங்களும்தான் போன மாதம் போனில், "ஏண்டி, எனக்கு இந்த வருஷம் மாத்தல் வருமா, சும்மா பாத்துச் சொல்லேன்" என்று கேட்டீர்கள். நான் "ம்" சொன்னதை வரும் என்று எடுத்துக்கொண்டு பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து, "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது கேட்காதவர்களுக்கும் சொன்னார். அதனால்தான் உண்மையைச் சொல்ல எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது. கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒருநாள் சீட் பெல்ட் மாட்டியிருந்த மூவர் முன்னால் எழுந்து நின்று சொல்லியே விட்டேன். ஒத்திகை பார்த்ததாலோ என்னவோ, எல்லாம் மேடைத் தமிழில் வந்தது. "நான் சோதிடம் பார்ப்பவள் அல்ல. சோதிடம் பார்த்தவர்கள் எவ்வாறு பார்த்தார்கள், என்னென்ன தவறு செய்தார்கள் என்று ஆராய்பவள் மட்டுமே."

அம்மாவின் தையல் மெஷின் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்போது ரேடியோ மாமா மெதுவாகச் சொன்னார், "அப்படின்னா ஜோசியருங்க தப்பு பண்ணா புடிக்கிறது நீயா? அவங்களுக்கெல்லாம் மேலதிகாரியா? இதை ஏம்மா முதல்லயே சொல்லல!"

மறுநாள் வரிசை தெருமுனை வரை நின்றது.

இதுவரை சொன்னது எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். நானும் பாதி நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஆய்வேடு முடிந்து, அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு வந்தது. ஒரு பிரதி வீட்டுக்கு. அப்பா கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வாங்கினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தையல் நல்லா இருக்கு" என்றார். உள்ளே இருந்ததைப் பற்றி அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் அத்தை, அவர் படிக்க ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து, அடிக்குறிப்பைக்கூட விடாமல் படித்தார். என் ஆய்வு நெறியாளர் அம்மாவே அடிக்குறிப்புகளை அப்படிப் படித்திருக்க மாட்டார். அதே சமயத்தில் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள், வரும் புதன்கிழமை காலை. பொது அரங்கில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், வீட்டில் எல்லோரையும் கூட்டிவா என்று நெறியாளர் அம்மா சொன்னார். சொன்ன அன்றே அப்பா புதுச் சட்டை எடுத்தார், ரேடியோ மாமாவின் வேனைப் பேசி வைத்தார், மருந்துக்கடைக்காரரிடம், "நீங்க முன்சீட்டுல வாங்கண்ணே" என்று சொல்லியும் விட்டார்.

பிறகு நான்காம் அத்தியாயத்துக்கு வந்தார். அது சந்திர கிரகணம் பற்றியது.

அன்று இரவு சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல், "புதன்கிழமை நான் வர முடியாது போலிருக்கும்மா. அவசரமா ஒரு வேலை வந்திருக்கு. பஸ் சீட்டு, மொத்தமும் மாத்தணும்" என்றார். கடைக்கு எந்த பஸ்ஸும் வரவில்லை. அவ்வளவு பெரிய சாமான் வந்தால் தெரியாதா? அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"அவரு பயந்துபோயி கெடக்காரு" என்றார் அம்மா. "செவ்வாக்கிழமை ராத்திரி கிரகணமாமே. கிரகணம் புடிச்சா ராஜா செத்துடுவாருன்னு நீ புத்தகத்துல போட்டிருக்கியாமே."

"அம்மா, அது அசீரிய ராஜா! செத்தே இத்தனை ஆயிரம் வருஷமாச்சு."

"எந்த ராஜாவோ எனக்குத் தெரியாது. இந்த வீட்டுல தன்னை ராஜான்னு நெனச்சிக்கிட்டிருக்கிற ஆளு ஒருத்தர்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நேராகக் கடைக்குப் போனேன். அப்பா பஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, சாவுக்குப் பயந்துதான் வரலியா?" என்று கேட்டே விட்டேன். நான் அப்படிக் கேட்டதில் எனக்கே ஆச்சரியம். அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "சாவுறதுக்கென்ன, எல்லாரும் ஒருநாள் சாவத்தான் போறோம். நீ அங்க நின்னு பேசிக்கிட்டிருக்கிறப்ப நான் பாதியில பொட்டுனு போயிட்டேன்னு வையி. பரிச்சை நின்னுபோயிடும்ல? மறுபடி எப்ப வெப்பாங்களோ, யாரு கண்டா? நான் வீட்டுலயே இருந்துட்டா, ஒண்ணு ஆனாலும் உனக்கு முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

இது நடக்காது, இதெல்லாம் பொய் என்று சொன்னேன். "பொய்யின்னா நீ ஏம்மா இத்தனை வருஷம் உக்காந்து படிச்ச?" என்றார். அதற்கு என்னிடம் அறுபது பக்கத்தில் ஒரு பதில் இருக்கிறது, முன்னுரையில். அதையும் அவர் படித்திருந்தார்.

சரி, அவர் நம்புகிற வழியிலேயே போவோம் என்று முடிவு செய்தேன். அந்த அரண்மனை அறிஞர்களும் அதைத்தான் செய்தார்கள். அரசனைப் பயமுறுத்துவது அவர்கள் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடிதங்களைப் படித்தால் தெரியும், பாதி வேலை பயந்துபோன அரசனுக்கு ஒரு ஓட்டை கண்டுபிடித்துக் கொடுப்பதுதான். நானும் வரிசையாக ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். முதல் ஓட்டை, மேகம். ஊரில் கிரகணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஊருக்கு அது கணக்கில்லை. அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. ரேடியோ மாமா உடனே வானிலை அறிக்கை பார்த்து, "ஒரு பொட்டு மேகம் கெடையாது, அப்படியே தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்குமாம்!" என்று சந்தோஷமாகக் கூவினார். அவர் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. அடுத்தது திசை. நிலவின் நான்கு பக்கமும் நான்கு நாட்டுக்கு உரியவை, எந்தப் பக்கம் இருளுகிறதோ அந்த நாட்டு அரசனுக்குத்தான் ஆபத்து, மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். "இப்ப எந்தப் பக்கம் மறையும்?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார். முழு கிரகணம் அத்தை. நான்கு பக்கமும் மறையும். இந்த முறை யாருமே தூங்க முடியாது. மூன்றாவது, வியாழன். கிரகணத்தின்போது வியாழன் வானத்தில் தெரிந்தால் அரசன் பிழைத்தான். நான் நெறியாளர் அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவர் கணக்குப் பார்த்து, கிரகணம் தொடங்குவதற்கு முன்பே வியாழன் மறைந்துவிடும் என்றார். பிறகு, "உங்க அப்பாதான் உன்னோட ஆய்வேட்டுக்கு முதல் உண்மையான வாசகர். தேர்வாளர்கள்கூட இவ்வளவு நம்பிப் படிச்சிருக்க மாட்டாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது நிலைமை இதுதான். புதுச் சட்டை உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. வேனில் மருந்துக்கடைக்காரர், மேல்வீட்டுக்காரர், ஓட்டுநர் தேர்வில் இந்த முறை தேறிவிட்ட அந்தப் பெண் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. அப்பா உட்கார வேண்டிய இடம் மட்டும் காலி. நான் நன்றாகத் தயாராகியிருக்கிறேன். என்ன கேள்வி கேட்டாலும் பதில் சொல்வேன். குரல் மட்டும் கொஞ்சம் அடங்கும், அதற்கு அங்கே மைக் இருக்கிறது. அப்பா வராவிட்டாலும் பரவாயில்லை. நம் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருத்தி அந்த மேடையில் ஏறுகிறாள், ஏறி முடித்துவிட்டு வந்து வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன், வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் உண்டு என்று தெரியும், இருந்தாலும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுங்கள், அங்கிருந்தே வந்து சேரும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
தம்பி மகள்

பின்குறிப்பு: பரவாயில்லை என்று எழுதினேன் அல்லவா, அது பொய். கடைசிப் பத்தி முழுவதையும் அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை எழுதியதே கேட்பதற்குத்தான்.

சோதிடம் பார்ப்பவள் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் இப்போது உங்களிடம் ஒரு பரிகாரம் கேட்கிறேன். எல்லா ஓட்டையும் அடைபட்டால் அந்த அறிஞர்கள் கடைசியாக ஒன்று செய்வார்கள். அரசனை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு, வேறு ஒருவரை அவன் உடையில், அவன் இடத்தில் உட்கார வைப்பார்கள். வருகிற ஆபத்து அரியணையைத் தேடித்தானே வரும்? ஆபத்து விலகும்வரை உண்மையான அரசனை யாரும் அரசே என்று அழைக்க மாட்டார்கள், கடிதத்தில்கூட "உழவருக்கு" என்றுதான் எழுதுவார்கள். நேற்று இதை அப்பாவிடம் சொன்னேன். "யாரை உக்கார வைப்ப?" என்றார். அம்மா உடனே, "எனக்கு வேணாம், இப்ப பாக்குற வேலையே போதும்" என்று உள்ளே போய்விட்டார். ரேடியோ மாமா தானாகவே முன்வந்தார், அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. பிறகு அப்பாவே சொன்னார், "எங்கக்கா வந்து உக்காந்தா சரியாப்போயிடும். எமனே வந்தாலும் அக்காகிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

அதனால் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் வந்துவிடுங்கள் அத்தை. ரேடியோ மாமா இந்தக் கடிதத்தோடு வேனிலேயே வருகிறார், அதிலேயே ஏறிக்கொள்ளலாம். வழியெல்லாம் பேசுவார், நீங்களும் பேசுங்கள், அவருக்கு அது ஒரு பாடமாக இருக்கும். வந்து அப்பாவின் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கடையில் அவர் இடத்தில் உட்கார்ந்து, "இனிமே இந்த வீட்டுக்கு நான்தான் தலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு உங்களுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படாது. மாற்று அரசர்களுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். நல்லபடியாக ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். ஆகையால் புதன்கிழமை முடியும்வரை கேட்காதீர்கள்.

அன்று காலை நான் மேடையில் நிமிர்ந்து பார்க்கும்போது அப்பா இந்த வீட்டுக்கு ராஜாவாக இருக்க வேண்டாம். சீட்டு தைக்கிற யாரோ ஒருவராக, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, என் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் போதும். ஒரே ஒரு நாளைக்கு நீங்கள் அவர் சீட்டை எடுத்துக்கொண்டு, அவரை எனக்குக் கொடுங்கள் அத்தை.